இசிப்பிங்கோ கோயிலில் பார்த்தும் பேசாமல் போனவர்

போன வருஷம் புனித வெள்ளியன்று, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் தேங்காய்த் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு அங்கே எவ்வளவு கூட்டம் என்று டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆள் தள்ளி என் சைக்காலஜிஸ்ட். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த அம்மாவிடம் பேச்சைத் தொடர்ந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாக வாராவாரம் இவர் முன்னால்தானே உட்கார்ந்து அழுகிறேன்?

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முதல் நாள் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருந்தார்: "வெளியே பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன். நீங்கள் பேசினால் பேசுவேன்." என் பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். இவர் வந்து பேசியிருந்தால், "யாரும்மா அது?" என்ற கேள்விக்கு என்ன சொல்லியிருப்பேன்?

கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்து 12 வருஷம் ஆகிறது. ஒவ்வொரு இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்று 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி, நிறவெறி அரசு 1960களில் இந்தியர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் இது. இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் யாருக்காவது சொந்தம். இப்படிப்பட்ட ஊரில் நம் ரகசியத்தைக் காப்பாற்ற ஒருவர் இத்தனை கவனமாக இருக்கிறார் என்றால் அது பெரிய விஷயம்.

இதற்கு முன் வேறொருவரிடம் போனேன். பெயர் வேண்டாம். ரொம்பப் பாசமானவர். "நீ என் தங்கச்சி மாதிரி" என்று பாதி நாள் காசே வாங்க மாட்டார். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் பேசுவார். கொஞ்ச நாளில் தன் கணவரைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். நான் ஆறுதல் சொன்னேன். என்னை நம்புகிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அப்பா இறந்து நான் உடைந்துபோன வாரம், அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பாவம், அவருக்கே ஆயிரம் கஷ்டம் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் உறைத்தது, அந்த அறையில் எனக்கு இடமே இல்லை.

நாம் பாசத்தை உறவுமுறையால் அளந்து பழகியவர்கள். அக்கா என்று கூப்பிட்டால்தான் நம்பிக்கை வருகிறது. சிகிச்சையில் அந்த அளவுகோல் ஏமாற்றிவிடும் என்பது என் அனுபவம். தன் சொந்தக் கதையைக் கொட்டுகிறவர், கடன் கேட்கிறவர், தொழிலில் கூட்டு சேரலாம் என்கிறவர், "வீட்டில் சொல்லாதே" என்கிறவர், இவர்களிடமிருந்து விலகிவிடுங்கள். தொட்டுப் பேசி எல்லை மீறினால் யோசிக்கவே வேண்டாம், புகார் கொடுங்கள். 1974ஆம் வருஷச் சட்டப்படி ஹெச்பிசிஎஸ்ஏ என்ற தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்யாமல் யாரும் இங்கே சைக்காலஜிஸ்ட்டாகத் தொழில் செய்ய முடியாது. அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், புகாரும் அங்கேயே கொடுக்கலாம்.

நல்லவர்கள் எதைக் காப்பார்கள், எதைக் காக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். குழந்தையை யாரோ துன்புறுத்துவது தெரிந்தால் மறைக்க முடியாது, 2005ஆம் வருஷக் குழந்தைகள் சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும் என்று இவர் என்னிடம் முதல் நாளே சொன்னார்.

மகளின் சலங்கை பூஜைக்கு இவரை அழைத்தேன். "வர முடியாது, ஆனால் அடுத்த வாரம் எல்லாம் சொல்லணும்" என்றார். கொஞ்சம் வருத்தம்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை போட்டோக்களை எடுத்துப் போனேன். ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தார். மேடையில் என் அப்பாவுக்காகக் காலியாக விட்டிருந்த நாற்காலி தெரிந்த படத்தில் விரலை வைத்து, "இதைப் பற்றிப் பேசுவோமா?" என்று கேட்டார்.