உண்மை விளக்கம்: தோட்டத்துப் பிள்ளைக்கும் ஆஸ்துமா வரும்

"தோட்டத்துக் காற்று சுத்தம், அங்கே வளரும் பிள்ளைக்கு ஆஸ்துமா வராது" என்று சுங்கை சிப்புட் வட்டாரப் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. நம்பினால் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

இதன் வேர் உண்மையான ஆய்வுதான். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பழைய முறையில் மாடு வளர்க்கும் ஆமிஷ் என்ற கிறிஸ்துவச் சமூகத்துப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா சுமார் 5 விழுக்காடு. இயந்திரப் பண்ணை நடத்தும் ஹட்டரைட் என்ற இன்னொரு கிறிஸ்துவச் சமூகத்துப் பிள்ளைகளிடம் 21. இருவருமே கிராமத்தார், கவனியுங்கள்! ஆமிஷ் வீடுகளுக்குள் வந்த தொழுவத் தூசியின் நுண்ணுயிர்களே வித்தியாசத்துக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். செம்பனைக்கு நடுவே குடியிருப்பது அதற்கு ஈடாகாது.

நம் வீடுகளில் வேறு கதை: கொசுவத்தி, சிகரெட், ஈரச் சுவர், 2015, 2019 போன்ற ஆண்டுகளில் புகைமூட்டம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளைச் சோதித்த 2003 ஆய்வின்படி, ஒரு வத்தி கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம். பிள்ளை தூங்கும் அறையில் தயவுசெய்து கொளுத்தாதீர்கள், வலை கட்டுங்கள்.

இரவு இருமலும் மூச்சில் விசில் சத்தமும் திரும்பத் திரும்ப வந்தால், "வெறும் சளி" என்று விடாமல் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். இன்ஹேலருக்குப் பிள்ளை அடிமையாகிவிடும் என்பதும் பொய். பேச முடியாமல் மூச்சுத் திணறினாலோ உதடு நீலமானாலோ உடனே 999.