ரோட்டரி எஞ்சினுக்கு ஆயில் கூலர் பேருக்கு ஒன்று போதாது

"மாஸ்டா 13பி தண்ணீரில் குளிரும் எஞ்சின்தானே, ரேடியேட்டர் பெரிதாக இருந்தால் ஆயில் கூலர் சின்னதே போதும்" என்று, இந்தக் கார் ரோட்டரி எஞ்சினை விமானத்தில் மாட்டுவது பற்றி ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் விமானம் கட்டிவிடாதீர்கள். தண்ணீர் ஹவுசிங்கை, அதாவது எஞ்சினின் வெளிக்கூட்டை மட்டும்தான் குளிர்விக்கும். உள்ளே பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டருக்கு ஆயில்தான் கதி. ரோட்டரைத் தாங்கும் நடுத்தண்டான எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டில் இருக்கும் ஜெட் (சிறு துளை) வழியாக ஆயில் ரோட்டருக்குள் பீய்ச்சியடிக்கிறது. வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆயிலோடுதான் வரும். முழு பவரில், குறைந்த வேகத்தில் மேலேறும்போது இது சட்டென்று தெரியும்.

மாட்டும் விதமும் முக்கியம். காற்றைக் கொண்டுவரும் டக்ட்டுக்கும் கூலருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தாலே காற்று கூலரின் ஃபின்களுக்குள் (மெல்லிய தகடுகளுக்குள்) போகாமல் அதன் வழியே நழுவிவிடும். நாலு பக்கமும் சிலிகான் பட்டை வைத்து அடையுங்கள். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் இல்லாமல் இறுக்கினால் அதிர்வில் கூலரின் வெல்டு விரிசல் விடும்.