காவலர் குடும்பத்துக்கு எல்லாம் இலவசம் இல்லை

"போலீஸ்காரங்க வீட்டுல வைத்தியச் செலவே கிடையாது, பிள்ளைகளுக்கு வேலையும் தானா வந்துரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஏட்டு மகள். இரண்டுமே தவறு.

2021 ஜூலையில் வந்த தமிழக அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கு அப்பாவின் சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தார்கள். நான்கு ஆண்டுக்கு 5 லட்சம், பட்டியலில் உள்ள சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை. அதில் மனைவி, பிள்ளைகள் உண்டு. கல்யாணமான ஊழியரின் பெற்றோர் கிடையாது. பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது அம்மா வளையலை அடகு வைத்துத்தான் பணம் கட்டினோம். சென்னை எழும்பூரில் காவலர் மருத்துவமனை இருக்கிறது, உண்மைதான். ஆனால் தென்மாவட்டத்துக் காவலர் வீட்டில் நள்ளிரவு காய்ச்சலுக்கு அங்கேயா ஓட முடியும்?

வேலை விஷயம்: இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் காவலர் வாரிசுகளுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்த இடத்துக்கும் எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் உண்டு. என் தம்பி முதல் முறை எழுத்துத் தேர்விலேயே நின்றுவிட்டான். நீங்கள் சொல்வது கருணை அடிப்படை நியமனமாக இருக்கலாம். அது பணியில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்கு. தயவுசெய்து அதைச் சலுகைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.