கடலில் விட்டால் புண்ணியமாம்!

தொட்டியில் மீன் வளர்க்கிற நாலு பேர் சேர்ந்தால் போதும், ஒருவராவது கேட்டுவிடுகிறார்: "மீன் பெரிசாயிடுச்சு, தொட்டி பத்தல. கொல்ல மனசு வரல. கடல்ல விட்டுடவா?" உடனே பக்கத்தில் இருப்பவர், "விடுங்க, புண்ணியம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யாருக்கய்யா புண்ணியம்? இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இருக்க வேண்டிய லயன் ஃபிஷ் என்கிற வேட்டை மீன், 1985இல் அட்லாண்டிக்கில், அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில் தலைகாட்டியது. யாரோ தொட்டியிலிருந்து விட்டதில் வந்ததுதான் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிற விளக்கம். 2000க்குப் பிறகு பஹாமாஸ், கரீபியன், மெக்சிகோ வளைகுடா எனப் பரவி, இப்போது பிரேசில் கரையிலும் குடும்பம் நடத்துகிறது. ஒரு பெண் மீன் வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் முட்டை இடும். கொழகொழவென்று மிதக்கும் அந்த முட்டைத் திரளை நீரோட்டமே தூர தேசத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அது வேட்டையாடுவதைப் பார்க்க வேண்டும். விசிறி போன்ற துடுப்புகளை விரித்துக் குட்டி மீனை ஒரு மூலைக்கு ஒதுக்கும். வாயால் தண்ணீரைப் பீய்ச்சும். என்னவென்று குட்டி இந்தப் பக்கம் திரும்பும். தலை முதலில், ஒரே விழுங்கு. அரை மணி நேரத்தில் ஒரே மீன் 20 குட்டிகளைத் தின்றதைப் பஹாமாஸில் பார்த்திருக்கிறார்கள். இப்படி ஒன்றை முன்பின் பார்த்திராத அந்த ஊர்க் குட்டிகளுக்குத் தப்பி ஓடவும் தெரிவதில்லை. திருப்பித் தாக்கலாம் என்றால் முதுகிலும் அடிப்பக்கத் துடுப்புகளிலும் விஷ முள்.

"அப்ப பிடிச்சுத் தின்னுட வேண்டியதுதானே?" என்று ஒரு அறிவாளி கேட்பார். தின்னத்தான் செய்கிறார்கள், ருசியான மீன்தான். ஃப்ளோரிடாவில் எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம், போட்டி வைத்தே பிடிக்கிறார்கள். ஆனால் தூண்டிலில் அவ்வளவாகச் சிக்காது, முங்கி ஈட்டியால்தான் குத்த வேண்டும். 300 மீட்டர் ஆழத்தில் இருப்பதைப் போய் யார் குத்துவது?

விற்கிறவர்கள் மேலும் கோபம் உண்டு. விரல் அளவு குட்டியை விற்கும்போது, இது எவ்வளவு பெரிசாகும் என்று சொல்ல வாய் வராதா? அப்புறம் நீங்கள். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். "ஒரே ஒரு மீன்தானே" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். அட்லாண்டிக்கில் இன்று திரியும் அத்தனை லயன் ஃபிஷ்ஷும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மீன்களின் வாரிசுகள் என்றுதான் மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.