பிளஸ் 1 இயற்பியலை ஒதுக்கலாமா?

"பிளஸ் 1 பொதுத்தேர்வே போய்விட்டது, பொறியியல் கட்-ஆஃபிலும் அந்த மதிப்பெண் சேராது, பிளஸ் 1 இயற்பியலை ஒப்புக்குப் படித்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் பிளஸ் 2 கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குத்தான் கட்-ஆஃப். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் வம்பு.

பிளஸ் 2 பாடத்தின் முதல் அலகு நிலைமின்னியல். சீரான மின்புலத்தில் வைத்த இருமுனை (சற்றே விலகி நிற்கும் சமமான நேர், எதிர் மின்னூட்ட இணை) ஏன் திரும்புகிறது என்று கேட்டால் திருப்பு விசை, அதாவது ஒரு பொருளைச் சுழலவைக்கும் விளைவு, தெரிய வேண்டும். அது பிளஸ் 1 பாடம். காந்தப்புலத்தில் மின்துகள் வட்டமடிப்பதற்கு மையநோக்கு விசை, நீல்ஸ் போர் (Bohr) சொன்ன அணு மாதிரிக்குக் கோண உந்தம், எல்சி அலைவுகளுக்கு (மின்தூண்டியும் மின்தேக்கியும் உள்ள சுற்றில் எழும் அலைவுகள்) சீரிசை இயக்கம். எல்லாம் முந்தைய ஆண்டுச் சரக்கு. இவை இல்லாமல் தருவிப்புகளை மனப்பாடம் செய்யலாம்தான். எண்ணை மாற்றி ஒரு கணக்குக் கொடுத்தால் கை நின்றுவிடும். வெக்டர் பெருக்கல் கூடத் தெரியாமல் பிளஸ் 2 வகுப்பில் உட்காரும் மாணவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

நீட் (மருத்துவம்), ஜேஇஇ (ஐஐடி போன்றவற்றில் பொறியியல்) நுழைவுத் தேர்வுகள் எழுதுவோருக்கு இந்த யோசனை நேரடி நஷ்டம். இரண்டு தேர்வுகளின் பாடத்திட்டத்திலும் இரு ஆண்டுப் பாடங்களும் உண்டு. நீட்டில் இயற்பியலுக்கு மட்டும் 180 மதிப்பெண். இயக்க விதிகள், ஈர்ப்பியல், வெப்ப இயக்கவியல் எல்லாம் அதற்குள் வருகின்றன.

பிளஸ் 1-ஐ ஏற்கெனவே கோட்டைவிட்டவர்கள் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை. வெக்டர், இயக்க விதிகள், வேலை-ஆற்றல், சுழற்சி இயக்கம், அலைவுகள்: இந்த ஐந்தை முதலில் பிடியுங்கள்.