மழை அங்கே, மண் இங்கே

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் இருக்கும் ஃபீனிக்ஸுக்கு வந்து ஆறு கோடை ஆகிவிட்டது, இன்னும் இந்த ஊர் மழையிடம் ஏமாறுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் என்று தேதியை மட்டும் கறாராகப் போட்டுவிடுகிறார்கள். நேற்றும் அதே கதை. மூன்று மணிக்கே கிழக்கு மலைகளுக்கு மேல் மேகம் காலிஃபிளவர் மாதிரி பொங்கி நின்றது, மழை ரேடாரில் சிவப்பும் ஊதாவுமாக, கனமழை என்று காட்டும் ஒரு பெரிய திட்டு நேராக எங்கள் தெருவைப் பார்த்து வருகிறது, நானும் டீயைப் போட்டுக்கொண்டு 43 டிகிரியில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வந்தது என்ன? புழுதி. மழை வழியிலேயே தீர்ந்துபோய், அதிலிருந்து இறங்கிய குளிர்காற்று மட்டும் பாலைவனத்து மண்ணை வாரிக்கொண்டு சுவர் மாதிரி எழும்பி வருமே, ஹபூப், அதுதான். பத்து நிமிடத்தில் எதிர்வீட்டைக் காணோம். டீயில் ஆடை படிந்ததுபோல மண். சரி, அப்புறமாவது மழை? கார் கண்ணாடியில் எண்ணி ஒன்பது துளி, அதுவும் புழுதியோடு சேர்ந்து சேறாக வழிந்தது, சனிக்கிழமைதான் கழுவிய கார்! தெற்கே மேகத்துக்கு அடியில் சாம்பல் நிறத்தில் மழைத்தாரை தொங்கியது. தரையைத் தொடும் முன்பே காய்ந்த காற்று அதைக் குடித்துவிடும். இதில் கொடுமை, இந்தப் பாலைவனத்துக் கிரியோசோட் புதர் மழையில் நனைந்த வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது. யாருக்கோ பெய்திருக்கிறது. பதினைந்து மைல் தள்ளி இருக்கும் நண்பன் தெரு முழுக்க வெள்ளம் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பி, "அங்க எப்படிடா?" என்று வேறு கேட்கிறான். நான் துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.