ஷாக் என்றாலே சலைன் இல்லை

மேலே ஒரு நண்பர் "ஷாக் என்றால் பிரஷர் இறங்குவது, இரண்டு பாட்டில் சலைனை வேகமாக ஏற்றினால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறார். பாதி சரி, மீதிப் பாதி ஆளைக் கொன்றுவிடும். ஷாக் என்பது உடல் உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேராத நிலை. வாந்தி பேதியில் நீர் வற்றியவருக்குச் சலைன் சரி (ரத்தம் போனவருக்கு ரத்தம்தான் வேண்டும், அது வேறு கதை). ஆனால் பெரிய மாரடைப்பில் இதயமே பம்ப் பண்ண முடியாமல் திணறும்போது அதே இரண்டு பாட்டிலை ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். குளவி கொட்டியோ ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமலோ வரும் ஷாக்கில் முதல் வேலை தொடையில் அட்ரினலின் ஊசி, பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், சலைன் அப்புறம்தான். நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்து இதயத்தை நெருக்கினால், காற்றை வெளியேற்றாமல் எதை ஏற்றியும் பயனில்லை.

அப்புறம் பிரஷர் விஷயம். டெங்குவில் காய்ச்சல் விட்ட அன்று பையன் எழுந்து உட்கார்ந்திருப்பான், மேல் பிரஷர் 100 இருக்கும், "நார்மல்தானே" என்பார்கள். கீழ் பிரஷரைப் பாருங்கள், 85. இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டாலே ஷாக்தான். கை கால் ஜில்லென்று இருக்கும், நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். பிரஷர் விழுவது கடைசியில்தான், அதுவும் குழந்தைகளுக்கு ரொம்பத் தாமதமாக. டெங்கு ஷாக்கில் சலைன் உண்டு, ஆனால் எடை பார்த்து, மணிக்கு மணி சோதித்துக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது நின்ற பிறகும் ஓடவிட்டால் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் சேரும்.